தனிமம், சேர்மம், கலவை: அடையாளம் காண்பதற்கும் பிரித்தெடுப்பதற்கும் ஒரு முழுமையான வழிகாட்டி

ஆய்வக மேசையின்மீது ஒரு கிண்ணத்தில் சாம்பல் நிறத் தூள் இருக்கிறது. அது ஒரே பொருளா, பல பொருள்கள் சேர்ந்ததா? பல பொருள்கள் என்றால் அவை ஒன்றோடொன்று வெறுமனே கலந்திருக்கின்றனவா, அல்லது வினைபுரிந்து வேறொரு பொருளாகவே மாறிவிட்டனவா? அவற்றைத் தனித்தனியே எடுக்க முடியுமா? அடிப்படை வேதியியலைக் கற்கத் தொடங்கும் எவரும் முதலில் விடை காண வேண்டிய கேள்விகள் இவை.

வடிகட்டுதல், பதங்கமாதல், படிகமாக்கல் என்று பிரித்தெடுக்கும் முறைகளைப் பட்டியலாக மனப்பாடம் செய்தவர்கள், அந்தப் பட்டியலில் இல்லாத ஒரு கலவையைக் கண்டதும் திகைத்து நிற்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். உண்மையில் எல்லா முறைகளுக்கும் அடியில் ஒரே கருத்துதான் இருக்கிறது. கலந்திருக்கும் பொருள்கள் ஏதேனும் ஒரு பண்பில் வேறுபட்டிருக்க வேண்டும். அந்த வேறுபாட்டைக் கண்டுகொண்டால் அதற்குரிய முறை தானாகவே புலப்படும். இந்த வழிகாட்டி முழுவதும் அந்த ஒரு கருத்தைப் பற்றிக்கொண்டுதான் நகர்கிறது.

முதல் படி: தனிமத்தை அறிதல்

ஒரே அணு எண்ணைக் கொண்ட அணுக்களால் மட்டுமே ஆன பொருள் தனிமம். அணு எண் என்பது அணுக்கருவில் உள்ள புரோட்டான்களின் எண்ணிக்கை. அது 8 என்றால் ஆக்சிஜன், 26 என்றால் இரும்பு, 79 என்றால் தங்கம். இன்றுவரை 118 தனிமங்கள் அறியப்பட்டுள்ளன. அவற்றில் பெரும்பாலானவை உலோகங்கள். அறை வெப்பநிலையில் பாதரசமும் புரோமினும் திரவங்களாக இருக்கின்றன. ஹைட்ரஜன், நைட்ரஜன், ஆக்சிஜன், குளோரின், ஹீலியம் உள்ளிட்ட 11 தனிமங்கள் வாயுக்கள்.

இங்கே பலருக்கும் ஏற்படும் ஒரு குழப்பத்தை உடனே தீர்த்துவிடுவது நல்லது. தனிமம் என்றால் அதன் அணுக்கள் தனித்தனியே இருக்க வேண்டும் என்பதில்லை. ஆக்சிஜன் வாயுவில் இரண்டிரண்டு அணுக்கள் இணைந்து மூலக்கூறாக இருக்கின்றன; ஓசோனில் மூன்று அணுக்கள்; சாதாரணக் கந்தகத்தில் எட்டு அணுக்கள் வளையமாகப் பிணைந்திருக்கின்றன. வைரமும் கிராஃபைட்டும் தோற்றத்திலும் கடினத்தன்மையிலும் எதிரெதிர்த் துருவங்களாக இருந்தாலும் இரண்டும் கார்பன்தான். அணுக்கள் எத்தனை சேர்ந்தன, எப்படி அடுக்கப்பட்டன என்பது பொருட்டல்ல. அவை அனைத்தும் ஒரே வகையா என்பதே கேள்வி.

'இதற்கு மேல் எளிய பொருள்களாகப் பிரிக்க முடியாதது' என்ற பழைய வரையறையும் இன்றும் பயன்படுகிறது. ஆனால் அதில் ஓர் எச்சரிக்கை ஒளிந்திருக்கிறது. 1789-இல் பிரெஞ்சு வேதியியலர் லவாய்சியே வெளியிட்ட தனிமப் பட்டியலில் 33 பெயர்கள் இருந்தன. அவற்றில் ஒளியும் வெப்பமும்கூட இடம்பெற்றிருந்தன, சுண்ணாம்பும் இருந்தது. சுண்ணாம்பை உடைக்கும் வழி அன்று எவரிடமும் இல்லாததால் அது தனிமமாகக் கொள்ளப்பட்டது. 1808-இல் ஆங்கில வேதியியலர் ஹம்ஃப்ரி டேவி மின்சாரத்தின் துணையோடு அதிலிருந்து கால்சியத்தைப் பிரித்தெடுத்தபோதுதான் அது கால்சியமும் ஆக்சிஜனும் சேர்ந்த ஒரு சேர்மம் என்பது உறுதியாயிற்று. பிரிக்கும் திறன் வளர வளர, எது தனிமம் என்ற அறிவும் திருத்தம் பெற்றது.

இரண்டாம் படி: சேர்மத்தைக் கலவையிலிருந்து வேறுபடுத்துதல்

இந்த வேறுபாட்டைச் சொற்களால் விளக்குவதைவிட ஒரு சோதனையால் காட்டுவது மேல். 7 கிராம் இரும்புத் துகளையும் 4 கிராம் கந்தகத் தூளையும் எடுத்து நன்றாகக் கலக்க வேண்டும். மஞ்சளும் கருமையும் கலந்த ஒரு சாம்பல் நிறத் தூள் கிடைக்கும். உருப்பெருக்கியின் வழியே பார்த்தால் மஞ்சள் துகள்களும் கருந்துகள்களும் பக்கத்தில் பக்கத்தில் கிடப்பது தெளிவாகத் தெரியும். காந்தத்தை அருகில் கொண்டுசென்றால் இரும்புத் துகள்கள் மட்டும் எழுந்து ஒட்டிக்கொள்ளும். நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைச் சில துளிகள் விட்டால் இரும்பு மட்டும் வினைபுரிந்து, மணமற்ற ஹைட்ரஜன் வாயு குமிழ்களாக வெளிவரும். கந்தகம் சும்மா இருக்கும். இரண்டு பொருள்களும் தத்தம் இயல்பை இழக்காமல் இருக்கின்றன. இது கலவை.

இப்போது அதே தூளில் ஒரு பகுதியைக் கடினக் கண்ணாடிச் சோதனைக்குழாயில் இட்டு, அடிப்பகுதியை மட்டும் சூடாக்க வேண்டும். ஓரிடத்தில் செந்தணல் தோன்றியதும் சுடரை அகற்றிவிடலாம். சுடர் இல்லாமலேயே அந்தத் தணல் தூளின் ஊடாக மெல்ல நகர்ந்து மறுமுனை வரை செல்லும். வினை தன் வெப்பத்தைத் தானே தந்துகொள்கிறது என்பதற்கு இதைவிடக் கண்கூடான சான்று வேண்டியதில்லை. குழாய் ஆறிய பின் உள்ளே இருப்பது கருஞ்சாம்பல் நிறமுள்ள ஒரு கட்டி. அதைப் பொடித்து உருப்பெருக்கியில் பார்த்தால் மஞ்சள் துகள் ஒன்றும் தென்படாது. காந்தம் முன்போல் இரும்பைத் தனியே இழுக்காது. அமிலம் விட்டால் இம்முறை எழுவது அழுகிய முட்டையின் நாற்றமுள்ள ஹைட்ரஜன் சல்பைடு. அது நச்சு வாயு. ஆகவே இந்தச் சோதனையைப் புகைபோக்கி உள்ள பெட்டிக்குள், ஆசிரியரின் மேற்பார்வையில், மிகச் சிறிய அளவில் மட்டுமே செய்ய வேண்டும்.

சூடாக்குமுன் இருந்தது இரும்பும் கந்தகமும். குழாயில் இருப்பதும் இரும்பும் கந்தகமும்தான். எனினும் இரண்டும் வேறு. அணுக்களுக்கிடையே வேதிப்பிணைப்பு உருவாகிவிட்டதால் இரும்பு சல்பைடு என்ற புதிய பொருள் பிறந்திருக்கிறது. அதற்கு அதற்கே உரிய பண்புகள் உண்டு. தண்ணீரோடு மூர்க்கமாக வினைபுரியும் சோடியம் உலோகமும் மூச்சுக்குழலைப் புண்ணாக்கும் குளோரின் வாயுவும் இணைந்து சோடியம் குளோரைடு ஆகும்போது நிகழ்வதும் இதுவே.

7 கிராம், 4 கிராம் என்ற அளவுகள் மனம்போன போக்கில் எடுக்கப்பட்டவை அல்ல. இரும்பு அணுவின் நிறை ஏறத்தாழ 56, கந்தக அணுவின் நிறை 32. ஒன்றுக்கு ஒன்று என்று அவை இணையும்போது நிறை விகிதம் 7:4 ஆகிறது. 10 கிராம் இரும்பை எடுத்து 4 கிராம் கந்தகத்தோடு சூடாக்கினால் 3 கிராம் இரும்பு வினைபுரியாமல் எஞ்சும். கலவையோ எந்த விகிதத்தையும் ஏற்றுக்கொள்ளும். சேர்மத்துக்கு நிலையான விகிதம் உண்டு என்பதை 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிரெஞ்சு வேதியியலர் ஜோசப் புரூஸ்ட் நிறுவினார். இயற்கையில் கிடைத்த தாமிரக் கார்பனேட்டிலும் ஆய்வகத்தில் தாம் தயாரித்ததிலும் உறுப்புகளின் நிறை விகிதம் ஒன்றாகவே இருப்பதை அவர் கண்டார். தூய நீரை எங்கிருந்து எடுத்தாலும் அதில் ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் 1:8 என்ற நிறை விகிதத்திலேயே இருக்கும்.

சேர்மத்தைப் பிரிக்க வேதிவினை தேவை. 1800-ஆம் ஆண்டில் வில்லியம் நிக்கல்சனும் அந்தோனி கார்லைலும் மின்கலத்தின் கம்பிகளை நீரில் வைத்தபோது ஒரு முனையில் ஹைட்ரஜனும் மறுமுனையில் ஆக்சிஜனும் எழுந்தன. பருமனளவில் அவற்றின் விகிதம் 2:1. நீரை எத்தனை முறை வடிகட்டினாலும் எவ்வளவு நேரம் கொதிக்க வைத்தாலும் இந்தப் பிரிவு நிகழாது. கொதிக்கும் நீரிலிருந்து எழும் ஆவியும் நீரே.

மூன்றாம் படி: கலவையின் வகையைத் தீர்மானித்தல்

எந்த இடத்திலிருந்து எடுத்தாலும் ஒரே இயைபு, அதாவது உறுப்புகளின் ஒரே விகிதம், இருந்தால் அது ஒருபடித்தான கலவை. உப்புக் கரைசல், காற்று, தாமிரமும் துத்தநாகமும் சேர்ந்த பித்தளை ஆகியவை இதில் அடங்கும். பித்தளை திண்மமாக இருப்பதால் அதைச் சேர்மம் என்று கருதுவோர் உண்டு. துத்தநாகத்தின் பங்கை வேண்டியவாறு கூட்டவோ குறைக்கவோ முடிகிறது என்பதே அது கலவை என்பதற்குப் போதுமான சான்று.

இடத்துக்கு இடம் இயைபு மாறினால் அது பலபடித்தான கலவை. மணலும் நீரும், எண்ணெயும் நீரும், இரும்பும் கந்தகமும் இவ்வகையின. இவற்றில் துகளின் அளவு முக்கியமானது. நீரில் கலக்கிய மண்ணின் துகள்கள் பெரியவை. வைத்திருந்தால் அடியில் படியும், வடிதாளில் தங்கும். கூழ்மத்தின் துகள்கள் ஏறத்தாழ 1 முதல் 1000 நானோமீட்டர் வரையானவை. அவை எளிதில் படிவதில்லை, சாதாரண வடிதாளிலும் தங்குவதில்லை. கரைசலின் துகள்கள் அதனினும் சிறியவை. கண்ணால் பார்த்து முடிவுசெய்ய முடியாதபோது இருட்டறையில் ஒரு மெல்லிய ஒளிக்கற்றையைத் திரவத்தின் ஊடாகச் செலுத்தலாம். தெளிவான உப்புக் கரைசலில் ஒளியின் பாதை தெரியாது; கூழ்மத்தில் அது வெண்கோடாகத் துலங்கும். இதற்கு டிண்டால் விளைவு என்று பெயர். வகையைத் தீர்மானிக்காமல் கருவியைக் கையில் எடுப்பதுதான் பிரித்தெடுத்தலில் நேரும் பெரும்பாலான தோல்விகளுக்குக் காரணம் என்பது என் கருத்து. கரைசலை நாள் முழுவதும் வடிகட்டினாலும் பயன் இல்லை.

நான்காம் படி: வேறுபாட்டைத் தேடி முறையைத் தேர்தல்

துகளின் அளவு வேறுபட்டால் சலித்தலும் வடிகட்டுதலும் போதும். அடர்த்தி வேறுபட்டால் தெளிய வைத்து மேலே நிற்கும் திரவத்தை இறுத்து எடுக்கலாம். தெளிய நெடுநேரம் ஆகும் என்றால் மையவிலக்குக் கருவியில் சுழற்றலாம். படியாத நுண்துகள்களைப் படிகாரம் இட்டுத் திரளச் செய்து பிறகு வடிகட்டலாம். காந்தத்தால் ஈர்க்கப்படும் பொருள் ஒன்று மட்டும் இருந்தால் காந்தமே போதும். இவை எளியவை, நின்று விளக்கத் தேவையில்லை.

ஒன்றோடொன்று கலவாத இரண்டு திரவங்களுக்கு, அடியில் திறந்து மூடும் குழாயுள்ள பிரிபுனல் ஏற்றது. மண்ணெண்ணெயும் நீரும் என்றால் நீர் அடியில் நிற்கும். குளோரோஃபார்மும் நீரும் என்றால் குளோரோஃபார்ம் அடியில் நிற்கும். எந்த அடுக்கு நீர் என்பதில் ஐயம் எழுந்தால், மேலிருந்து இரண்டு துளி நீரை விட்டு அவை எங்கே சென்று கலக்கின்றன என்று கவனிப்பது எளிய வழி. கீழ்க்குழாயைத் திறக்குமுன் மேல்மூடியை எடுத்துவிட வேண்டும். இல்லையென்றால் திரவம் சீராக இறங்காது. இரண்டு அடுக்குகளும் சந்திக்கும் கோடு குழாயை நெருங்கும்போது ஓட்டத்தைக் குறைத்து, நடுவில் உள்ள சிறு பகுதியைத் தனிக் குடுவையில் பிடித்துவிடுவது நல்லது. அந்தப் பகுதியை எந்தப் பக்கம் சேர்த்தாலும் தூய்மை கெடும்.

கரைதிறன் வெப்பநிலையோடு மாறும் விதத்தில் இரண்டு உப்புகள் வேறுபட்டால் படிகமாக்கல் கைகொடுக்கும். இது மிக அழகான முறை. எண்களோடு பார்த்தால் அதன் நுட்பம் விளங்கும். 100 கிராம் நீரில் பொட்டாசியம் நைட்ரேட் 80 டிகிரி செல்சியஸில் ஏறத்தாழ 169 கிராம் கரையும்; 0 டிகிரியில் 13 கிராம் மட்டுமே கரையும். சோடியம் குளோரைடோ 0 டிகிரியிலும் ஏறத்தாழ 36 கிராம் கரையும், 100 டிகிரியிலும் 39 கிராம்தான் கரையும். 50 கிராம் பொட்டாசியம் நைட்ரேட்டில் 5 கிராம் சோடியம் குளோரைடு கலந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். இதை 50 கிராம் நீரில் இட்டு 80 டிகிரி வரை சூடாக்கினால் இரண்டும் முழுமையாகக் கரையும். பனிக்கட்டி நீரில் வைத்து 0 டிகிரிக்குக் குளிர்வித்தால் அந்த 50 கிராம் நீர் ஏறத்தாழ ஆறரை கிராம் நைட்ரேட்டை மட்டுமே தன்னுள் வைத்திருக்கும்; மீதி 43 கிராமுக்கு மேல் ஊசிபோன்ற படிகங்களாக வெளியே வரும். 5 கிராம் குளோரைடு அந்த நீரின் கொள்ளளவுக்கு மிகவும் குறைவு என்பதால் அது கரைசலிலேயே தங்கிவிடும். மெதுவாகக் குளிர்வித்தால் படிகங்கள் பெரியனவாகவும் தூயனவாகவும் அமையும். அவசரமாகக் குளிர்வித்தால் சிறு படிகங்கள் அசுத்தக் கரைசலைத் தம்மிடையே சிறைப்படுத்திக்கொள்ளும். வடிகட்டிய படிகங்களைக் குளிர்ந்த நீரால், மிகக் கொஞ்சமாக, கழுவ வேண்டும். வெந்நீர் விட்டால் பாடுபட்டு எடுத்த படிகமே கரைந்து போகும்.

இந்த முறையின் எல்லை வரை சென்றவர் மேரி கியூரி. பிட்ச்பிளெண்ட் என்ற யுரேனியத் தாதுவின் கழிவிலிருந்து பேரியத்தைப் பிரித்தபோது, பேரியத்தை வேதியியல் முறையில் பெரிதும் ஒத்த ரேடியமும் அதனோடு சேர்ந்தே வந்தது. இரண்டின் குளோரைடுகளுக்கும் கரைதிறனில் சிறு வேறுபாடு மட்டுமே உண்டு. ரேடியம் குளோரைடு சற்றுக் குறைவாகக் கரையும். கரைத்துப் படிகமாக்கி, அந்தப் படிகத்தை மீண்டும் கரைத்து மீண்டும் படிகமாக்கி, ஒவ்வொரு முறையும் ரேடியத்தின் பங்கைச் சிறிது சிறிதாக உயர்த்திக்கொண்டே சென்றார். டன் கணக்கான கழிவைக் கையாண்ட பின் 1902-இல் அவருக்குக் கிடைத்த ரேடியம் குளோரைடு ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்கு. வேறுபாடு எவ்வளவு சிறியதாயினும், ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்வதன் மூலம் அதைப் பெருக்கிக்கொள்ள முடியும் என்பதற்கு இது சான்று.

கொதிநிலை வேறுபட்டால் காய்ச்சி வடித்தல். உப்பு நீரிலிருந்து நீரைப் பெற எளிய காய்ச்சி வடித்தலே போதும், உப்பு ஆவியாவதில்லை. ஒன்றோடொன்று கலந்த, கொதிநிலைகள் நெருக்கமாக உள்ள இரண்டு திரவங்கள் என்றால் பின்னக் காய்ச்சி வடித்தல் தேவை. எத்தனால் 78.4 டிகிரியில் கொதிக்கிறது. நீர் 100 டிகிரியில் கொதிக்கிறது. 78.4 டிகிரியில் எத்தனால் மட்டும் வெளியேறி முடிந்துவிடும், பிறகு நீர் வரும் என்று எண்ணுவது தவறு. கலவை பெரும்பாலும் அந்த இரு வெப்பநிலைகளுக்கும் இடையே கொதிக்கும். எழும் ஆவியில் இரண்டும் இருக்கும், ஆனால் எத்தனாலின் பங்கு கூடுதலாக இருக்கும். குடுவையின்மேல் கண்ணாடி மணிகள் நிரப்பிய ஒரு நீண்ட நிரலை, அதாவது செங்குத்தான குழாயை, பொருத்தினால், ஏறும் ஆவி மணிகளின்மேல் குளிர்ந்து திரவமாகி, கீழிருந்து வரும் சூட்டில் மீண்டும் ஆவியாகும். ஒவ்வொரு முறையும் எத்தனாலின் பங்கு உயர்கிறது. மேரி கியூரி கைகளால் திரும்பத் திரும்பச் செய்ததை இந்த நிரல் தன் உயரத்துக்குள் தானே செய்து முடிக்கிறது. எத்தனால் எளிதில் தீப்பற்றும் ஆதலால் சுடருக்குப் பதிலாக நீர்த்தொட்டியில் வைத்தோ மின்னடுப்பினாலோ சூடாக்க வேண்டும். வெப்பமானியின் குமிழ் ஆவி குளிர்விப்பானுக்குள் திரும்பும் வாயிலுக்கு நேராக இருக்க வேண்டும். திரவத்துக்குள் மூழ்கியிருந்தால் வடிந்து வருவதன் கொதிநிலையை அது காட்டாது.

திண்மத்திலிருந்து திரவமாகாமல் நேரே ஆவியாகும் பொருள்களுக்குப் பதங்கமாதல் பொருந்தும். அயோடினும் கற்பூரமும் நாஃப்தலீனும் இவ்வாறு பிரிக்கப்படுகின்றன.

ஒரு பரப்பின்மேல் ஒட்டும் ஆற்றலில் வேறுபட்டால் வண்ணப்பிரிகை. ரஷ்யத் தாவரவியலர் மிக்காயில் ஸ்வெத் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கால்சியம் கார்பனேட் நிரப்பிய குழாயின் வழியே இலைச்சாற்றின் கரைசலை இறங்கவிட்டபோது, பச்சையும் மஞ்சளுமாகத் தனித்தனிப் பட்டைகள் தோன்றின. இன்று ஒரு வடிதாள் துண்டைக் கொண்டே இதைச் செய்து பார்க்கலாம். தாளின் அடியிலிருந்து 2 சென்டிமீட்டர் உயரத்தில் பென்சிலால் ஒரு கோடு வரைந்து, அதன்மேல் நீரில் கரையும் கருப்பு மையை ஒரு சிறு புள்ளியாக வைத்து, உலர்ந்தபின் முகவையில் உள்ள நீரில் நுனி மட்டும் நனையும்படி தொங்கவிட வேண்டும். கோட்டைப் பேனாவால் வரைந்தால் அந்த மையும் ஏறிவிடும். புள்ளி நீருக்குள் மூழ்கினால் மை நீரில் கரைந்து வீணாகும். நீர் ஏறிச் செல்லச் செல்ல, ஒரே கருமையாகத் தெரிந்தது நீலமாகவும் சிவப்பாகவும் மஞ்சளாகவும் பிரியக்கூடும். நீர் 8 சென்டிமீட்டர் ஏறியபோது நீலம் 6 சென்டிமீட்டர் ஏறியிருந்தால் அதன் பெயர்ச்சி விகிதம் 0.75. அதே தாளும் அதே கரைப்பானும் அதே வெப்பநிலையும் இருக்கும்வரை இந்த எண் அந்த நிறமியை அடையாளம் காட்டும்.

ஐந்தாம் படி: நான்கு பொருள்கள் கலந்த ஒரு தூளைப் பிரித்துப் பார்த்தல்

தொடக்கத்தில் சொன்ன சாம்பல் நிறத் தூளுக்கு வருவோம். அதில் மணல், சோடியம் குளோரைடு, அம்மோனியம் குளோரைடு, இரும்புத் துகள் ஆகியவை 5 கிராம் வீதம் இருக்கின்றன என்று கொள்வோம். முறைகள் எவை என்பதைவிட அவற்றின் வரிசை என்ன என்பதே இங்கு முதன்மையானது.

முதலில் தூளை எடைபோட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். அடுத்தது காந்தம். இரும்பை முதலில் எடுப்பதற்குக் காரணங்கள் இரண்டு: நீர் பட்டால் அது துருப்பிடிக்கும், அம்மோனியம் குளோரைடைச் சூடாக்கும்போது பிரியும் ஹைட்ரஜன் குளோரைடு வாயு இரும்பைத் தாக்கும். காந்தத்தை மெல்லிய பிளாஸ்டிக் தாளில் சுற்றித் தூளின்மேல் மெதுவாக நகர்த்தி, ஒட்டிய துகள்களை வேறு தாளின்மேல் கொண்டுவந்து காந்தத்தை உறையிலிருந்து உருவினால் இரும்பு தானாக உதிரும். ஒட்டிய இரும்பினிடையே வெண்தூளும் சிறிது சிக்கியிருக்கும். ஆகவே எடுத்ததைத் தாளில் பரப்பி மீண்டும் இருமுறை காந்தத்தால் எடுப்பது அவசியம்.

இரண்டாவது பதங்கமாதல். எஞ்சிய தூளைப் பீங்கான் கிண்ணத்தில் இட்டு, அதன்மேல் ஒரு புனலைக் கவிழ்த்து, புனலின் தண்டில் பஞ்சை அடைத்து, சிறு சுடரில் சூடாக்க வேண்டும். வெண்புகை எழுந்து புனலின் குளிர்ந்த உட்சுவரில் வெண்படலமாக ஒட்டும். இதை நீரில் கரைப்பதற்கு முன்பே செய்தாக வேண்டும். ஏனெனில் இரண்டு குளோரைடுகளும் நீரில் கரைபவை. உண்மையில் அம்மோனியம் குளோரைடு சூட்டில் அம்மோனியாவாகவும் ஹைட்ரஜன் குளோரைடாகவும் பிரிந்து, குளிர்ந்த சுவரில் மீண்டும் இணைகிறது. ஆகவே கண்டிப்பாகச் சொன்னால் இது அயோடின் பதங்கமாவதைப் போன்ற வெறும் நிலைமாற்றம் அன்று. பள்ளிப் பாடங்கள் இதைக் குறிப்பிட்டால் மாணவர்கள் கூடுதலாகக் குழம்புவார்கள் என்று சிலர் கருதலாம். எனக்கோ, இதைச் சொல்லாமல் விடுவது பிற்பாடு பெரிய குழப்பத்துக்கு வழிவகுக்கும் என்றே தோன்றுகிறது. புகை கண்ணையும் மூக்கையும் எரிக்கும் என்பதால் காற்றோட்டம் வேண்டும்.

மூன்றாவது கரைத்தலும் வடிகட்டுதலும். கிண்ணம் ஆறியபின் அதில் உள்ள மணலையும் உப்பையும் முகவைக்கு மாற்றி, நீர் விட்டுக் கண்ணாடிக் கோலால் கலக்க வேண்டும். 5 கிராம் உப்பைக் கரைக்க 14 மில்லிலிட்டர் நீரே போதும். கையாள்வதற்கு எளிதாக 25 மில்லிலிட்டர் எடுக்கலாம். அதற்கு மேல் ஊற்றினால் பின்னர் அவ்வளவையும் ஆவியாக்க வேண்டியிருக்கும். வடிதாளைப் புனலில் பொருத்தி, கோலின் வழியே திரவத்தை ஊற்ற வேண்டும். தாளின் விளிம்புக்கு மேல் திரவம் உயரக் கூடாது. தாளில் தங்கிய மணலில் உப்புக் கரைசல் ஒட்டியிருக்கும். அதன்மேல் 5 மில்லிலிட்டர் நீரை இரண்டு மூன்று முறை விட்டுக் கழுவி, கழுவிய நீரையும் அதே வடிநீரோடு சேர்த்துவிட வேண்டும். ஒரே முறையில் 15 மில்லிலிட்டர் விடுவதைவிட மூன்று முறை 5 மில்லிலிட்டர் விடுவது அதிக உப்பை வெளியே கொண்டுவரும்.

கடைசியாக, வடிநீரைப் பீங்கான் கிண்ணத்தில் ஆவியாக்குதல். நான் முதன்முறை இதைச் செய்தபோது கிண்ணம் முழுவதும் வறளும்வரை சுடரை எடுக்கவில்லை. ஈரம் குறையத் தொடங்கியதும் படிகங்களுக்கிடையே சிக்கிய நீர் திடீரென்று ஆவியாகி, உப்பைப் படபடவென மேசையெங்கும் தெறிக்கச் செய்தது. 5 கிராமில் 4 கிராமுக்குச் சற்று மேல்தான் கிண்ணத்தில் எஞ்சியது. மூன்று படிகளில் காத்த கவனம் கடைசி இரண்டு நிமிடங்களில் வீணாயிற்று. அன்றிலிருந்து, கரைசலின் விளிம்பில் உப்பு தோன்றியதுமே சுடரை அகற்றிவிட்டு, மீதியைக் கொதிநீர் முகவையின் ஆவிமேல் கிண்ணத்தை வைத்து உலர்த்துகிறேன். நேரம் கூடுதலாகும், ஒரு துகளும் சிதறாது.

ஆறாம் படி: பிரித்ததைச் சரிபார்த்தல்

பிரித்த நான்கையும் எடைபோட்டுக் கூட்டிப் பார்க்க வேண்டும். கூட்டுத்தொகை 20 கிராமுக்குக் குறைந்தால் எங்கோ இழப்பு. மிகுந்தால் பெரும்பாலும் ஏதோ ஒன்று இன்னும் ஈரமாக இருக்கிறது. மணலை மறுபடி உலர்த்தி எடைபோட்டு, அடுத்தடுத்த இரண்டு எடைகள் ஒத்துப்போகும்வரை இதைத் தொடர வேண்டும்.

எடை சரியாக இருப்பதனால் மட்டும் தூய்மை உறுதியாகிவிடாது. தூய திண்மம் ஒரு குறிப்பிட்ட வெப்பநிலையில் உருகும். அசுத்தம் இருந்தால் உருகுநிலை தாழ்ந்து, ஒரு வீச்சாகப் பரவும். தூய திரவம் மாறாத வெப்பநிலையில் கொதிக்கும். ஆனால் இதற்கு ஒரு விலக்கு உண்டு. எத்தனாலையும் நீரையும் எத்தனை சிறந்த நிரலில் வடித்தாலும், நிறையளவில் 95.6 விழுக்காடு எத்தனாலும் மீதி நீரும் உள்ள கட்டத்தில் பிரிவு நின்றுவிடும். அந்தக் கலவை 78.2 டிகிரியில் ஒரு தூய சேர்மத்தைப் போலவே மாறாமல் கொதிக்கிறது. அதன் ஆவியிலும் அதே விகிதம்தான் இருக்கிறது. இதைக் கொதிநிலை மாறாக் கலவை என்பர். அது சேர்மம் அன்று என்பதை அழுத்தத்தை மாற்றிப் பார்த்தால் அறியலாம்: அழுத்தம் மாறினால் அந்த விகிதமும் மாறும். எஞ்சிய நீரை நீக்கச் சுட்ட சுண்ணாம்பு போன்ற நீர் உறிஞ்சும் பொருளைச் சேர்க்க வேண்டியிருக்கிறது. அதாவது கொதிநிலை என்ற வேறுபாடு தீர்ந்துபோன இடத்தில் வேறொரு வேறுபாட்டை நாடுகிறோம்.

எடையில் தோன்றும் சிறு பிசகைப் பிழை என்று ஒதுக்கிவிடக் கூடாது என்பதற்கு வேதியியல் வரலாற்றில் ஒரு நிகழ்ச்சி இருக்கிறது. ஆங்கில இயற்பியலர் ரேலி பிரபு, காற்றிலிருந்து ஆக்சிஜன் முதலியவற்றை நீக்கிப் பெற்ற நைட்ரஜனின் அடர்த்தியை லிட்டருக்கு ஏறத்தாழ 1.257 கிராம் என்றும், சேர்மங்களிலிருந்து பெற்ற நைட்ரஜனின் அடர்த்தியை ஏறத்தாழ 1.251 கிராம் என்றும் அளந்தார். வேறுபாடு அரை விழுக்காடுதான். எத்தனை முறை அளந்தாலும் அது மறையவில்லை. வேதியியலர் வில்லியம் ராம்சே காற்றிலிருந்து பெற்ற அந்த நைட்ரஜனைச் சூடான மெக்னீசியத்தின்மேல் திரும்பத் திரும்பச் செலுத்தி, நைட்ரஜன் முழுவதையும் அதோடு வினைபுரியச் செய்தார். எதனோடும் சேராத ஒரு வாயு சிறிதளவு எஞ்சியது. 1894-இல் இருவரும் அறிவித்த அந்தத் தனிமம் ஆர்கான். காற்றின் பருமனில் அது 0.93 விழுக்காடு இருக்கிறது. இன்று அது காற்றைக் குளிர்வித்துத் திரவமாக்கிப் பின்னக் காய்ச்சி வடித்தலின் மூலம் பெறப்படுகிறது: நைட்ரஜன் மைனஸ் 196 டிகிரியிலும், ஆக்சிஜன் மைனஸ் 183 டிகிரியிலும் கொதிக்க, அவற்றுக்கிடையே மைனஸ் 186 டிகிரியில் கொதிக்கும் ஆர்கானை ஆக்சிஜனிடமிருந்து விலக்குவதற்கு அந்த 3 டிகிரி வேறுபாடே ஆதாரமாக இருப்பதால், அதற்கான நிரல்கள் மிக உயரமாகக் கட்டப்படுகின்றன.